நான்கு கதவுப் பிக்கப் வண்டி: கதவமைப்பும் அறைக் கோடுகளும்

பின்புறத்தில் சரக்கேற்றத் திறந்த தட்டும், முன்புறத்தில் ஓட்டுநருக்கென ஒரு சிறிய அறையும் உடைய வண்டியைப் பிக்கப் என்று வழங்குவர். அவ்வறையில் இருக்கை ஒரு வரிசையே உண்டு. ஓட்டுநர் உட்பட மூவர் அமரலாம். ஆனால் மின்கம்பி இழுப்போரும், இருப்புப் பாதையைச் செப்பனிடுவோரும், காட்டிலாகாப் பணியாளரும் ஐவர் அறுவராகச் சேர்ந்தே வேலைக்குச் செல்கின்றனர். இடம் பெறாத மூவர் கடப்பாறையோடும் கம்பிச் சுருளோடும் தட்டில் குந்திச் செல்ல வேண்டியதாயிற்று. வெயிலும் மழையும் ஒருபுறமிருக்க, வண்டி குலுங்குங்கால் அவர்கள் பற்றிக்கொள்வதற்கு ஒன்றுமில்லை. இக்குறையை நீக்கவே இரட்டை வரிசை அறை தோன்றியது.

அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1957-இல் ‘டிராவலெட்’ என்னும் பெயரில் இத்தகைய வண்டியை வெளியிட்டது. அறுவர் அமரக்கூடிய அவ்வறைக்குக் கதவுகள் மூன்றே. ஓட்டுநர் பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு. ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் நிறுவனம் 1958-இல் செய்த இரட்டை வரிசை வண்டிக்கும் பின்னிருக்கைக்கு ஒரு பக்கத்துக் கதவு மட்டுமே இருந்தது. ஒரு கதவைக் குறைத்தால் செலவு குறையும். பக்கச் சுவர் ஒன்று வெட்டுப்படாமையால் அறையின் உறுதியும் மிகும். ஆயினும் பின்வரிசையில் கோடியில் இருப்பவர் இருவரைக் கடந்தே இறங்க வேண்டும். வண்டி பள்ளத்தில் சாய்ந்து, கதவுள்ள பக்கம் நிலத்தோடு அழுந்திவிட்டால் அவர்கள் நிலை என்னாகும்? டிராவலெட் 1961-இல் நான்காவது கதவைப் பெற்றது. டாட்ஜ் நிறுவனம் 1963-லும், போர்டு 1965-லும், செவ்ரோலெ 1973-லும் இவ்வகை வண்டிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன.

1973 முதல் 1991 வரை அதிக மாற்றமின்றி வந்த செவ்ரோலெயின் நான்கு கதவு வண்டி இன்று பழம்பொருள் விரும்பிகளால் பெரிதும் நாடப்படுகிறது. அதற்கும் முந்திய 1967–1972 வண்டிகளை விரும்புவோர் மற்றொரு சாரார். அவ்வாண்டுகளில் இரட்டை வரிசை அறை செவ்ரோலெ தொழிற்சாலையின் வாடிக்கைப் பொருளாக இருக்கவில்லை. ஆகவே ஒற்றை அறை வண்டியை அறுத்து நீட்டி, கதவையும் கூரையையும் புதிதாக வகுத்துக் கொள்வது அங்கு ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. இந்தியாவில் இவ்வேலைக்கு இடமில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்த விவரத்தோடு முரண்படுமாறு வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எனினும், கதவு என்பது எத்தகைய பொறியியல் உறுப்பு என்பதை அறிய இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

எண்பத்து நான்கு செண்டிமீட்டர்

எட்டடித் தட்டுடன் கூடிய 1973-ஆம் ஆண்டு ஒற்றை அறைச் செவ்ரோலெயின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் 131.5 அங்குலம். அதே தட்டுடன் வந்த நான்கு கதவு வண்டியில் அது 164.5 அங்குலம். வேறுபாடு 33 அங்குலம். அதாவது சுமார் 84 செ.மீ. ஒரு முழு இருக்கை வரிசைக்கும், கால் வைக்கும் இடத்துக்கும், ஒரு கதவுக்கும், அதைத் தாங்கும் தூணுக்கும் கிடைத்த நீளம் இவ்வளவே. பின்கதவு முன்கதவைவிடக் குறுகலாக அமைந்ததன் காரணம் இதனால் விளங்கும்.

இக்குறுகலே பலரது கண்ணை உறுத்துகிறது. இரு கதவும் ஒரே அகலமாயிருந்தால் வண்டி நீண்டு, தாழ்ந்து தோன்றும் என்பது உண்மைதான். அதற்காக நடுத்தூணை முன்னே நகர்த்துவோர் உண்டு. அப்பொழுது தூண் ஓட்டுநரின் தோளுக்கு நேரே வந்து நிற்கும். ஏறும்பொழுது முழங்கால் இடிக்கும். பக்கவாட்டில் வரும் வண்டியைத் தூண் மறைக்கும். அழகை நாடுவோர் அறையையே இன்னும் 15 அல்லது 20 செ.மீ. நீட்டிக்கொள்வது மேல். ஆனால் அந்த அளவு சட்டகமும், சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் தண்டும் நீள வேண்டும். வண்டி திரும்பும் வட்டமும் பெருகும்.

நடுத்தூண்

இரண்டு பழைய ஒற்றை அறைகளிலிருந்து ஓர் இரட்டை அறையைச் செய்வதே வழக்கமான முறை. முதல் அறையை அதன் கதவுக்குப் பின்னால் அறுப்பர். இரண்டாம் அறையை அதன் கதவுக்கு முன்னால் அறுத்து இதனோடு பொருத்துவர். முதல் அறையின் தாழ் ஏற்கும் தூணும் இரண்டாம் அறையின் கீல் தாங்கும் தூணும் முதுகோடு முதுகு சேர்ந்து நடுத்தூண் ஆகின்றன. சொல்வதற்கு எளிது. ஆனால் இரண்டாம் அறையின் கதவு முன்கதவாகப் பிறந்தது. அதன் முன் மேல்மூலை முன்கண்ணாடியின் சாய்வைத் தழுவிச் சரிந்திருக்கும். பின்கதவாக மாறும்பொழுது அம்மூலையை நிமிர்த்திச் சட்டத்தைப் புதிதாக மடக்க வேண்டும். கண்ணாடியையும் புதிதாக வெட்ட வேண்டும். 1967–1972 ‘சபர்பன்’ வண்டியின் பின்கதவைக் கொணர்ந்து இத்தொல்லையைத் தவிர்க்க எண்ணுவோர் வேறொரு தொல்லையில் சிக்குவர். அவ்வண்டிக்கு மூன்று கதவுகளே. ஓட்டுநர் அமரும் இடப்புறத்தில் பின்கதவு கிடையாது. வலப்புறத்துக்குக் கதவு ஆயத்தமாகக் கிடைக்கும். இடப்புறத்துக்கு அதன் கண்ணாடிப் பிம்பத்தைப் போன்ற ஒன்றைத் தகட்டிலிருந்தே ஆக்க வேண்டும்.

நடுத்தூணின் பணி என்ன? முன்கதவு எத்தனை முறை அறைந்து சாத்தப்படினும் அந்த அடியை ஏற்பது அதுவே. பின்கதவின் முழு எடையும் அதில் தொங்குகிறது. முன்னிருக்கையின் தோள் வாரும் பெரும்பாலும் அதன் தலையில்தான் பூட்டப்படுகிறது. முன்கதவைத் தாங்கும் முன் தூணுக்கோ அண்டையில் துணை உண்டு. எஞ்சின் பக்கத்துச் சுவரும், முன்பலகையும், முன்கண்ணாடிச் சட்டமும் அதனை மூன்று திசையில் இறுகப் பற்றியுள்ளன. நடுத்தூண் அடிச்சட்டத்துக்கும் கூரைக்கும் இடையே தனியே நிற்பது. அதன் அடி அகன்று, பெட்டி போன்ற குறுக்கு வெட்டுடன் அடிச்சட்டத்தில் ஊன்றியிருக்க வேண்டும். மேலே கூரையின் குறுக்காக ஒரு வளைசட்டம் ஓடி, இருபுறத்து நடுத்தூண்களையும் இணைக்க வேண்டும். இவ்வளைசட்டம் இல்லாத நீண்ட கூரை, வண்டி ஓடும்பொழுது பறையைப் போல அதிரும்.

கீலின் கணக்கு

ஒரு கதவின் எடை 30 கிலோகிராம் எனவும், அதன் எடைமையம் கீல் அச்சிலிருந்து 45 செ.மீ. தொலைவில் உள்ளது எனவும், மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 40 செ.மீ. எனவும் கொள்க. மேல் கீலைக் கதவு வெளியே இழுக்கும் விசை 30 × 45 ÷ 40, அதாவது ஏறக்குறைய 34 கிலோகிராம் எடைக்குச் சமம். கீழ்க் கீலை அதே விசையுடன் உள்ளே தள்ளும். கதவைத் திறந்து ஒருவர் அதன்மேல் சாய்ந்தால் இவ்விசை பன்மடங்காகும்.

மேல் கீலின் முளை தேய்ந்து ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் கொண்டதாயின், கீலிலிருந்து 100 செ.மீ. தள்ளியுள்ள தாழ் முனை 2.5 மி.மீ. தொங்கும். பழைய வண்டிகளில் கதவைச் சற்றே தூக்கிச் சாத்த வேண்டியிருப்பது இதனால்தான். பலர் இதைக் கண்டவுடன் தாழின் கொக்கியைக் கீழே இறக்கிப் பொருத்துகின்றனர். இது நோயை விட்டு நிழலுக்கு மருந்திடுவதாகும். முளையை மாற்றுவதே முறை.

அமெரிக்காவின் மோட்டார் வண்டிப் பாதுகாப்பு நியதிகளுள் 206 எனும் எண்ணுடையது கதவின் தாழ், கீல்களைப் பற்றியது. அது 1968 முதல் கார்களுக்கும், பின்னர்ச் சரக்கு வண்டிகளுக்கும் விதிக்கப்பட்டது. முழுதும் பூட்டிய தாழ் வண்டியின் நீளவாட்டில் 2,500 பவுண்டு இழுப்பையும், குறுக்குவாட்டில் 2,000 பவுண்டு இழுப்பையும் தாங்க வேண்டும். கீல்களுக்கும் இவ்வளவே. மோதலில் கதவு திறந்துகொண்டால் உள்ளிருப்போர் வெளியே எறியப்படுவர் என்பதே இக்கடுமைக்குக் காரணம். தூணின் தகடு 1 மி.மீ. கனத்தை அணுகியதே, அதில் நேரே திருகிய கீல் இவ்விழுப்பில் தகட்டைக் கிழித்துக்கொண்டு வரும். ஆகையால் தூணின் உட்புறத்தே, திருகாணி ஏறும் இடத்தில், தடித்த எஃகுப் பலகை ஒன்று இருந்தே தீர வேண்டும். தூணை அறுத்து ஒட்டுவோர் மறக்கக் கூடாத உறுப்பு இது. பூச்சுப் பூசிய பின் வெளியே தெரியாத உறுப்பும் இதுவே.

கோடும் அச்சும்

கதவைச் சுற்றி ஓடும் இடுக்கு, வண்டியின் முகத்தில் வரைந்த கோடு போன்றது. வரைவோன் அக்கோட்டைத் தன் விருப்பப்படி இழுக்க எண்ணுகிறான். ஆனால் கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு கோடு உள்ளே இருக்கிறது. கீல் முளைகள் இரண்டையும் இணைக்கும் அச்சு அது. முதற் கோடு இரண்டாவதைக் கலக்காமல் நகர முடியாது.

பழைய பிக்கப் வண்டியின் நடுத்தூண் நெட்டுக்குத்தாக நிற்கிறது. அதன் மேல்முனையை 10 பாகை பின்னே சாய்த்தால் வேகத் தோற்றம் வரும் என்பர். கீல் அச்சையும் தூணோடு சேர்த்துச் சாய்ப்பதாகக் கொள்க. எடைமையம் அச்சிலிருந்து 35 செ.மீ. தள்ளியிருக்கும் பின்கதவை 70 பாகை திறந்தால் அம்மையம் சுமார் 4 செ.மீ. உயரும். அதாவது கதவை ஒவ்வொரு முறையும் தூக்கித் திறக்க வேண்டும். கையை எடுத்தால் அது இறங்குபவரின் காலின்மேல் வந்து சாத்திக்கொள்ளும். அச்சை நெட்டுக்குத்தாகவே வைத்து, இடுக்கை மட்டும் சாய்த்தாலோ, 40 செ.மீ. இடைவெளியுள்ள இரு கீல்களிலும் முளைக்கும் விளிம்புக்கும் உள்ள தொலைவு 7 செ.மீ. வேறுபடும். ஒரு கீல் குட்டையாகவும் மற்றொன்று வாத்தின் கழுத்தைப் போல நீண்டு வளைந்ததாகவும் அமைய வேண்டும். நீண்ட கீல் எளிதில் வளையும்.

முளை புறத்தகட்டிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். விளிம்பு முளைக்கு 30 மி.மீ. முன்னும், 20 மி.மீ. வெளியேயும் இருப்பதாகக் கொள்க. கதவு சுழலும்பொழுது அவ்விளிம்பு முளையிலிருந்து 36 மி.மீ. வரை முன்னே எட்டும். முன்கதவின் விளிம்பும் அதே ஆழத்துக்கு உள்ளே நீண்டிருக்குமாயின், 6 மி.மீ. இடுக்கு இல்லாவிடில் இரண்டும் உரசும். முளையை வெளியே கொணர்ந்து ஆழத்தை 12 மி.மீ. ஆக்கினால் 2.3 மி.மீ. இடுக்கே போதும். வண்டியின் பக்கம் தட்டையன்று. இடைப்பகுதியில் புடைத்தும் மேலும் கீழும் ஒடுங்கியும் உள்ளது. புடைப்பில் ஆழம் மிகுதி. உரசலும் அங்கேதான் முதலில் தோன்றும். கீழே நன்றாயிருந்த இடுக்கு நடுவில் பூச்சைச் சுரண்டுவதைக் கண்டு வியப்போர் இதனை அறியாதவர்கள்.

எனில், பழைய நிமிர்ந்த தூணை அப்படியே வைத்துக்கொள்வதுதான் வழியா? அவ்வளவு இறுக்கம் வேண்டுவதில்லை. கீல்கள் இரண்டும் சன்னல் விளிம்புக்குக் கீழேயே உள்ளன. அங்கே கோட்டை நிமிர்த்தி வைத்து, மேலே கண்ணாடிச் சட்டத்தில் மட்டும் பின்னே சாய்க்கலாம். முன்னே சாய்ப்பது தகாது. அச்சைக் கடந்து முன் நீண்ட மேல்மூலை, கதவு திறக்குங்கால் உள்ளே புகுந்து தூணில் மோதும்.

பின்சாய்வுக்கும் ஓர் எல்லை உண்டு. அதனை விதிப்பது கண்ணாடி. இறங்கும் கண்ணாடி ஒன்றுக்கொன்று இணையான இரு காடிகளில் வழுக்குகிறது. காடி 10 பாகை பின்சாய்ந்திருக்க, கண்ணாடி 45 செ.மீ. இறங்கினால் அது 8 செ.மீ. முன்னே நகரும். கீழ்ப்பகுதியிலோ கதவின் முன்விளிம்பு நிமிர்ந்துள்ளது, நகர இடமில்லை. சாய்வு 4 பாகையாயின் நகர்வு 3 செ.மீ. மட்டுமே, அதற்குச் சட்டத்தின் அகலத்திலேயே இடம் காணலாம். காடிகள் இணையாக இருக்க வேண்டுமாதலால், பின் தூண் வேறு சாய்வுடையதாயின் இடையே ஒரு செங்குத்துக் கம்பி வைத்து, மிகுந்த முக்கோணத்தில் அசையாத சிறு கண்ணாடியைப் பொருத்துவர். கார்களில் பின்சக்கர வளைவு கதவின் அடிமூலையைக் கடித்துவிடுகிறது; கண்ணாடி முழுதும் இறங்குவதில்லை. பிக்கப் வண்டியில் சக்கரம் தட்டின் கீழே வெகு தூரத்தில் உள்ளது. இவ்வரிய வசதியை வீணாக்கி, கார் போலத் தோன்றட்டும் என்று அடிமூலையை வளைத்து வெட்டுவோர் சிலர் உளர். காலணி நுழையும் வழி குறுகுவதன்றி வேறு பயன் இல்லை.

கூரை

1973-ஆம் ஆண்டுச் செவ்ரோலெயில் கதவின் மேல்விளிம்பு கூரைக்குள் ஏறி வெட்டப்பட்டது. கூரை ஓரத்தில் மழைநீரை வடிக்கும் வரம்பு நீக்கப்பட்டது. தோற்றம் சீராயிற்று, காற்றின் இரைச்சலும் குறைந்தது. ஆயினும் மழைக்குப் பின் கதவைத் திறந்தால் கூரையின் நீர் இருக்கையில் வழியும். நான்கு கதவு வண்டியில் இத்தொல்லை இரட்டிப்பாகும். பழைய வரம்புள்ள கூரையைச் சீவி நேராக்க விரும்புவோர் முதலில் நீர் செல்லும் வழியை வகுத்துக்கொள்ள வேண்டும். வரம்பு வெறும் வாய்க்கால் அன்று. கூரைத் தகடும் பக்கச் சட்டமும் பற்றவைக்கப்பட்ட தையலும் அதுவே. அதை அறுத்தால் அறையின் மேல் தையலே பிரிந்துவிடும்.

கூரையைத் தாழ்த்துவது மற்றொரு வழக்கம். முன் தூண் நெட்டுக்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்துள்ளதெனில், 6 செ.மீ. உயரத்தை வெட்டி எடுத்தபின் தூணின் இரு துண்டுகளும் சுமார் 3.5 செ.மீ. விலகி நிற்கும். ஒற்றை அறையில் கூரையை அறுத்து நீட்டுவது பெருவேலை. இரட்டை அறையிலோ கூரை எப்படியும் இரு துண்டுகளாக வருகிறது, இந்த 3.5 செ.மீ.-ஐ நடுத்தூணின் மேலுள்ள இணைப்பிலேயே சேர்த்துவிடலாம். ஆனால் பின்னிருக்கை பெரும்பாலும் முன்னிருக்கையைவிட உயரத்தில் உள்ளது. தலை இடிக்கப்போவது பின்னிருப்பவருக்கே.

தவிர்க்க வேண்டிய இரண்டு

பின்கதவின் கீலைப் பின் தூணுக்கு மாற்றி, இரு கதவுகளும் நூலின் அட்டைகளைப் போல எதிரெதிரே திறக்கச் செய்வது இன்றும் பலரைக் கவர்கிறது. ஓடும் வண்டியில் தாழ் விட்டுப்போனால், முன்கீலுள்ள கதவைக் காற்று சாத்தியே வைத்திருக்கும். பின்கீலுள்ள கதவையோ பிடுங்கித் திறக்கும். தொழிற்சாலைகள் இதனைக் கையாண்டபொழுது, முன்கதவு திறந்தாலன்றிப் பின்கதவு திறவாதபடி பூட்டை அமைத்தன. 1998-இல் டாட்ஜ் ராம் வண்டி இவ்வாறு இரு பின்கதவுகளுடன் வந்தது. 2002-ஆம் ஆண்டு அமைப்பில் அதே நிறுவனம் முன்கீலுக்குத் திரும்பியது. முன்னிருப்பவர் மயங்கிக் கிடந்தால் பின்னிருப்பவர் இறங்க இயலாது என்பது அப்பூட்டின் மாறாக் குறை. கைப்பிடியை நீக்கித் தகட்டை வழவழப்பாக்கி, மின்விசையால் தாழைத் திறக்கும் பழக்கம் இதனினும் தீது. மோதலில் மின்கலம் அறுந்தால், உதவிக்கு ஓடிவருவோர் பற்றி இழுக்க ஒரு பிடிகூட இராது.

அறுத்தலும் இணைத்தலும்

அறையை அறுப்பதற்கு முன் ஒவ்வொரு கதவு வாயிலின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து குறித்துக்கொண்டு, வாயிலின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைக்க வேண்டும். 110 செ.மீ. அகலமும் 120 செ.மீ. உயரமும் உள்ள வாயில், மேலே 3 மி.மீ. மட்டும் பக்கமாய்ச் சரிந்தால், மூலைவிட்டங்களின் வேறுபாடு 4 மி.மீ. ஆகும். கண் இதனைக் காணாது. அளவு நாடா காட்டிவிடும். கதவு நிச்சயமாகக் காட்டும்.

எஃகு ஒரு மீட்டர் நீளத்துக்கு, 100 பாகை வெப்பம் ஏறினால் 1.2 மி.மீ. நீளும். தட்டையான புறத்தகட்டின் நடுவே நீளத் தையல் போட்டால் தகடு அலையலையாக நெளிவது இதனால்தான். தையலை ஏதேனும் ஒரு மடிப்பை ஒட்டி வைத்து, விரற்கடைக்கு ஒரு புள்ளியாகத் தாவித் தாவிப் பற்றவைத்து, ஒவ்வொன்றும் ஆறிய பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும். நெளிந்த தகட்டைப் பட்டி பூசி மறைத்தால் இரண்டு மழைக்காலத்துக்குள் அது வெடித்து, உள்ளே துரு பிடித்திருப்பதைக் காட்டும்.

பக்கவாட்டில் ஓடும் மடிப்புக் கோடு முன் மட்காப்பு, முன்கதவு, பின்கதவு, சரக்குத் தட்டு ஆகிய நான்கிலும் ஒரே நேராக வர வேண்டும். கதவு இடுக்குகளில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ஒளி அதனை எடுத்துக்காட்டும். அறைக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மட்டும் அழகுக்காகக் குறைக்கக் கூடாது. அறை ரப்பர் மெத்தைகளின்மேல் தனியாகவும், தட்டு சட்டகத்தின்மேல் தனியாகவும் அமர்ந்துள்ளன. மேடுபள்ளத்தில் சட்டகம் முறுகும்பொழுது இரண்டும் வெவ்வேறு திசையில் சாயும். நெருங்கியிருந்தால் ஒன்றையொன்று நசுக்கும்.

பூச்சுக்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் சில. ரப்பர் பட்டைக்கும் கதவுக்கும் இடையே ஒரு காகிதத் துண்டை வைத்துச் சாத்தி, சுற்றிலும் பல இடங்களில் இழுத்துப் பார்ப்பது ஒன்று. எங்கே காகிதம் எளிதில் வருகிறதோ அங்கே நீரும் வரும். மற்றொன்று, முன்சக்கரம் ஒன்றையும் அதற்கு மூலைவிட்டத்தில் உள்ள பின்சக்கரத்தையும் கட்டைகளின்மேல் ஏற்றிச் சட்டகத்தை முறுக்கி நிறுத்தி, ஓட்டுநர் இடத்திலும் பின்வரிசையிலும் ஆட்களை அமர்த்தி, நான்கு கதவுகளையும் உள்ளிருந்தே திறக்கச் சொல்வது. பின்கதவு சிக்குமாயின் விளிம்பைத் தேய்த்துச் சரிசெய்தல் தகாது. நடுத்தூணின் அடியை மீண்டும் திறந்து, உள்ளே வலுப்பலகை சேர்த்து, மூலைவிட்டங்களை மறுபடியும் அளக்க வேண்டும்.